கோலத்துக்குள் ஒரு மேடு

அத்தியாயம் 14

ஆஸ்பத்திரி வாசலில் நின்று, புழுதி கிளப்பிக்கொண்டு போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள் ஞானபூரணி. அங்கேதான் அவளை விட்டுவிட்டு வந்தோம். பஸ்ஸுக்குள் அவள் அக்கா பாக்கியவதி. மல்லாங்கிணற்றில் சித்தப்பா மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். பெரியவள் ஒருத்தி கூட இருக்கட்டும் என்று ஆள் விட்டிருந்தார்கள்.

அக்கா தங்கை இருவருக்கும் சிவகாசியில் ஒரே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. தாயில்லாத தங்கைக்குத் தலை வாரிவிட்டு, பள்ளிக்கூடம் அனுப்பி, மதுரையில் நர்ஸ் படிப்பும் படிக்கவைத்து, தன் பக்கத்திலேயே கொண்டுவந்து சேர்த்துக்கொண்டவள் பாக்கியவதி. தங்கைக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மாதக் கடைசியில் டாக்டர் சத்தியநாதன் நல்லபடியாக எழுதிக் கொடுத்தால் நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டைப் பார்த்து நடக்க வேண்டியதுதான்.

பஸ் ஏறும்போது அக்கா சொன்னாள்: "போற வழியில ஆமத்தூர்ல இறங்கி, பலவேசம் அண்ணாச்சிக்கு ஊசியைப் போட்டுட்டுப் போறேன். மத்தியானம் அவரு விருதுநகருக்கு மக வீட்டுக்குப் போறாரு. நாளையிலயிருந்து அங்கன உள்ள கம்பவுண்டர் பார்த்துக்கிடுவாரு. உனக்கு அந்த அலைச்சல் இல்ல. சுப்புத்தாயம்மா ஒருத்திதான். கொஞ்சம் அடம்பிடிப்பாங்க. பக்குவமாப் பேசிப் போடு."

"எனக்குப் பேசத் தெரியாதாக்கா?"

"அதுதான் எனக்குப் பயமே."

பஸ் போய்விட்டது.

சுப்புத்தாயம்மாள் பட்டாசுக் கம்பெனி தங்கச்சாமியின் தாயார். சர்க்கரை வியாதி. காலில் ஆறாத புண்ணோடு ஆடி மாதம் வந்து படுத்தவர், தீபாவளி சீசன் சூடு பிடித்த பிறகும் வீடு திரும்பவில்லை.

ஞானபூரணி அறைக்குள் போனபோது அம்மாள் எழுந்து உட்கார்ந்திருந்தார். கண்ணெல்லாம் மேசைமேல் இருந்த சோதனைக் குழாயில்.

குழாயில் நீல நிற மருந்து. அதில் சிறுநீர் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் கொதிக்கவைப்பார்கள். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே இருக்கும். கூடக்கூடப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிக்கொண்டே போகும். மிஞ்சிப்போனால் செங்கல் நிறம்.

"இன்னைக்கு என்ன கலரு தாயி?"

"செங்கல்தாம்மா."

"எளவு, இது மாறாதா? எங்க கம்பெனியில மத்தாப்புக்கு வேற கலரு வேணும்னா ஒரே நாள்ல மாத்திருவான்."

மாறாததுதான் டாக்டருக்கும் புரியவில்லை. இருபது யூனிட் இன்சுலினில் ஆரம்பித்தார். நிறம் அசையவில்லை. ஏற்றினார். மறுபடி ஏற்றினார். இப்போது நாற்பதில் வந்து நிற்கிறது. குழாய் மட்டும் செங்கலிலேயே நிற்கிறது.

ஞானபூரணி ஐஸ்பெட்டியிலிருந்து புட்டியை எடுத்து வந்தாள். புட்டியில் இரண்டு தினுசு உண்டு; ஒன்றைவிட இன்னொன்றில் மருந்து இரட்டை வீரியம். சிரிஞ்சிலும் இரண்டுக்குமாகத் தனித்தனி அளவுக்கோடு. புட்டி ஒன்று, கோடு வேறொன்று என்று பார்த்துவிட்டால் போச்சு. அதனால் இரண்டு நர்ஸ்கள் சேர்ந்து பார்த்துத்தான் இந்த ஊசியைப் போட வேண்டும் என்று அங்கே ஒரு கட்டுப்பாடு இருந்தது.

அன்றைக்கு இன்னொரு நர்ஸ் பிரசவ வார்டில் மாட்டிக்கொண்டிருந்தாள். கூட இருந்தது ராக்காயி ஆயா மட்டும். ராக்காயிக்கு சிரிஞ்சில் இருப்பது கோடா எழுத்தா என்றே தெரியாது.

ஞானபூரணி தனியாகவே பார்த்தாள். ஒருமுறைக்கு இருமுறை பார்த்தாள். நாற்பது.

அம்மாள் இடது கை ரவிக்கையை மேலே சுருட்டினார். மேல்கையில் பச்சை குத்திய கோலம். நாலு பக்கமும் கோடு வளைந்தோடி, நடுவில் வெறுமையாக ஒரு சின்னக் கட்டம்.

"அந்தக் கட்டத்துக்குள்ள போடு. உங்கக்கா அங்கனதான் போடுவா."

"தினமும் அங்கனயேவா?"

"பின்னே? அது ஏற்கெனவே ஊசி தின்ன இடம்ல? பச்சை குத்தும்போதே அம்புட்டு குத்தையும் பொறுத்துக்கிட்டது. அங்கன போட்டா எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது."

ஒரே இடத்தில் குத்தாதே, தோல் தடித்துப் போகும், இன்று கை என்றால் நாளை தொடை என்று மாற்றிக்கொண்டே இரு என்று மதுரையில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தொடை என்ற பேச்சை எடுத்தால் அம்மாள் புண்ணான காலோடு எழுந்து ஓடிவிடுவார் என்று ஞானபூரணிக்குத் தெரியும்.

"அந்தக் கையிலயும் கோலம் இருக்காம்மா?"

"இருக்கு. கல்யாணத்துக்கு முந்தி, ஒரே நாள்ல, ஒரே ஆளு குத்துனது. ரெண்டும் அச்சுல வார்த்த மாதிரி இருக்கும்."

"அப்ப அதுவும் ஊசி தின்னதுதான? தினமும் விருந்து இதுக்கே போனா, அது கோவிச்சுக்கிடாதா?"

அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாயாடி. உங்கக்காவுக்கு இந்தப் பேச்சு வராது. சரி, போட்டுத் தொலை."

வலது கையில் ஊசி இறங்கியது. அம்மாள் முகத்தைச் சுளித்தார்.

"சுருக்குங்குதே! இதுக்கு நன்றி விசுவாசமே இல்ல."

வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் வந்த இட்லியை அம்மாள் பேசிக்கொண்டே சாப்பிட்டார். ராக்காயி பரிமாறினாள். இது முக்கியம், மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

உச்சிப்பொழுதுக்கு முன்னால் ராக்காயி ஓடி வந்தாள்.

"நர்சம்மா, பெரியம்மா என்னமோ உளறுதாக!"

ஞானபூரணி போய்ப் பார்த்தபோது தலையணை நனைந்து கிடந்தது. அம்மாளின் கை இரண்டும் வெடவெடவென்று ஆடின. கண் எங்கேயோ பார்த்தது. பட்டாசுக் கம்பெனியில் நிற்கிற நினைப்பு.

"ஏழாயிரம்பண்ணை வேன் வந்துருச்சா? பிள்ளைகளை எறக்குங்க... லோடு நிக்குது... ஏலே, வெயில்ல போடாதே அதை..."

சர்க்கரை இறங்கிவிட்டது. பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. குளுக்கோஸ் தண்ணீரை உதட்டில் வைத்தால் பல் திறக்கவில்லை. "டாக்டர்!" என்று அவள் போட்ட சத்தத்தில் பிரசவ வார்டே எட்டிப் பார்த்தது.

பதறாதீர்கள். அம்மாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் சத்தியநாதன் நரம்பில் குளுக்கோஸ் ஏற்ற ஏற்ற, விளக்குத் திரியைத் தூண்டிவிட்ட மாதிரி அம்மாளின் கண் தெளிந்தது. சுற்றிலும் பார்த்தார்.

"என்ன, எல்லாரும் என்னைச் சுத்தி நிக்கீக? செத்துட்டேனா?"

டாக்டர் சிரிக்கவில்லை. வராந்தாவுக்கு வந்து கேட்டார்.

"சாப்பிட்டாங்களா?"

"நாலு இட்லி, டாக்டரய்யா. நாந்தான் வச்சேன்" என்றாள் ராக்காயி.

"எந்தப் புட்டி?"

ஞானபூரணி கொண்டுவந்து காட்டினாள். சரியான புட்டிதான்.

"எவ்வளவு எடுத்தே?"

"நாற்பது டாக்டர்."

"கூட யாரு பார்த்தா?"

அவள் பிரசவ வார்டுப் பக்கம் பார்த்தாள்.

"நீ தப்புப் பண்ணினேன்னு நான் சொல்லலைம்மா. ஆனா நேத்துவரைக்கும் இதே மருந்து, இதே அளவு, நிறம் அசையலை. இன்னைக்கு அடிச்சுப் போட்டிருக்கு. ஏதோ ஒண்ணு மாறியிருக்கணும். என்ன மாறுச்சு?"

"கை மாத்திப் போட்டேன், டாக்டர். இடது கைக்குப் பதிலா வலது கை."

"எந்தக் கையில போட்டாலும் போய்ச் சேர்ற ரத்தம் ஒண்ணுதானே. அதுக்கு இவ்வளவு ஆகாது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

தங்கச்சாமி காரை விட்டு இறங்குவதற்கு முன்னாலேயே அவர் சத்தம் இறங்கிவிட்டது. அம்மாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"டாக்டரய்யா, எங்க கம்பெனியில மருந்து கலக்குற ஆளு ஒரு சிட்டிகை கூடப் போட்டான்னா மேல கூரை மிச்சம் இருக்காது. அதனாலதான் கத்துக்குட்டியை அந்த அறைக்குள்ளயே விடமாட்டோம். நீங்க எங்கம்மாவையே ஒரு கத்துக்குட்டிகிட்ட விட்டுட்டீகளே?"

"அண்ணாச்சி, நான் சரியாத்தான்..." என்று ஆரம்பித்தாள் ஞானபூரணி.

"நீ பேசாத தாயி. நாளைக்குப் பாக்கியவதியக்கா ஊசி போடுறதா இருந்தா எங்கம்மா இங்கன இருப்பாங்க. உன் கையில ஊசியைப் பார்த்தேன், அந்தக் காருலயே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். காலு போனாலும் சரி, உசுரு இருந்தாப் போதும்."

ஊசி இல்லாமல் வீட்டுக்குப் போனால் அந்த உசுரும் நிற்காது என்பது டாக்டருக்குத் தெரியும். அவர் ஞானபூரணி பக்கம் திரும்பினார்.

"இன்னைக்கு நீ ஊசி எதையும் தொட வேண்டாம்மா. உங்க அக்கா வரட்டும். அப்புறம் பேசுவோம்."

மெதுவாகத்தான் சொன்னார். அதுதான் அவளை உள்ளே போய்க் குத்தியது. மாதக் கடைசிக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

வேறொரு பெண்ணாக இருந்தால் மருந்தறையில் போய் ஒரு பாட்டம் அழுதிருப்பாள். இவளுக்கும் அழுகை வந்தது. ஆனால் அழுகைக்கு முன்னால் அந்தக் கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. என்ன மாறுச்சு?

புட்டி மாறவில்லை. அளவு மாறவில்லை. இட்லி மாறவில்லை. மாறினது கை ஒன்றுதான். அதுவோ கணக்கில் வராது என்கிறார் டாக்டர்.

மத்தியானம், வியர்வையில் நனைந்த ரவிக்கையை மாற்ற ராக்காயிக்கு ஒரு கை தேவைப்பட்டது. ஊசிதானே தொடக்கூடாது, ரவிக்கை தொடலாமே என்று ஞானபூரணி போனாள். அம்மாளை உட்காரவைத்து, முதுகைத் துடைத்துவிட்டாள். இரண்டு கையும் வெறுமையாக, பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

துடைத்துக்கொண்டிருந்த துண்டு நின்றது.

"அம்மா, ரெண்டும் ஒரே ஆளு குத்துனதுன்னீகளே?"

"ஆமா."

"ஒரே அளவா?"

"அச்சு மாதிரின்னு சொன்னேன்ல. நூலு வச்சு அளந்து குத்துனா."

வலது கைக் கட்டத்தின்மேல் ஞானபூரணி தன் பெருவிரல் நுனியை வைத்தாள். கட்டம் மறைந்துவிட்டது. இடது கைக் கட்டத்தில் வைத்தாள். விரலைச் சுற்றி நாலு பக்கமும் இடம் மிச்சம் இருந்தது. கோடுகள் வெளிப்பக்கமாக வளைந்து, ஒன்றைவிட்டு ஒன்று விலகி நின்றன.

கட்டம் பெரிதாகியிருக்கிறது! பச்சைக்கோடு தானாக நகருமா? அடியில் இருக்கிற தோல் நகர்ந்தால்தானே அது நகரும்?

விரலை அழுத்தினாள். உள்ளே பிசைந்து வைத்த மாவு உருண்டை மாதிரி ஒரு மேடு. கண்ணால் பார்த்தால் தெரியாது. தொட்டால்தான் தெரியும்.

"வலிக்குதாம்மா?"

"எங்கன தொடுதே?" என்றார் அம்மாள்.

எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது என்றாரே, ஏன் என்று இப்போது புரிந்தது. தினம் தினம் இறங்கின ஊசியில் அந்த இடம் தடித்து மரத்துப் போயிருக்கிறது. அப்படியானால் அதற்குள் போன மருந்து? அது எங்கே போச்சு?

இதைத் தோல் சமாசாரம் என்றுதான் மதுரையில் சொல்லிக்கொடுத்தார்கள். தோலோடு நிற்கிற சமாசாரம் இல்லையோ?

ஓடிப்போய் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று அவள் கால் வாசல்வரை போய்விட்டது. அங்கேயே நின்றது.

அந்த மேட்டை உண்டாக்கினது யார் கை?

வலிக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துப் போட்ட கை. எண்ணெய் தேய்த்துத் தன்னைக் குளிப்பாட்டின கை. இதைச் சொன்னால் தான் தப்பிப்பாள், அக்கா மாட்டிக்கொள்வாள். இத்தனை வருஷம் அப்பழுக்கில்லாத பேரோடு நடமாடின ஆஸ்பத்திரியில்.

டாக்டர் அந்த வழியாகவே வந்தார். "ஏதாவது தெரிஞ்சுதாம்மா?"

"இல்லை டாக்டர்" என்றாள் ஞானபூரணி.

விளக்கேற்றுகிற நேரத்துக்குப் பாக்கியவதி வந்து இறங்கினாள். வாசலிலேயே ராக்காயி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கையில் பலகாரப் பையோடு அக்கா நேரே அறைக்கு வந்தாள். அம்மாள் கண்ணயர்ந்திருந்தார்.

"என்னடி பண்ணித் தொலைச்சே?" பாக்கியவதி குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். "கோடு மாத்திப் பார்த்துட்டியா?"

"இல்லக்கா."

"என் முகத்தைப் பார்த்துச் சொல்லு."

பார்த்தாள். "இல்லக்கா."

"அப்புறம் எப்படி விழுந்தாங்க? மருந்து அதேதான், அளவு அதேதான். நான் தினமும் போடுறேன், ஒண்ணும் ஆகலை. நீ ஒரு நாள் போட்டே. வாயைத் தொறடி!"

ஞானபூரணி அக்காவின் கையைப் பிடித்து இழுத்து, அந்த விரலைக் கோலத்தின் நடுவில் வைத்து அழுத்தினாள்.

அப்புறம் வலது கைக் கோலத்தில் வைத்தாள்.

பாக்கியவதியின் விரல் திரும்பவும் இடது கைக்குத் தானாகப் போயிற்று. ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பலகாரப் பை கட்டிலில் சாய்ந்தது.

"தினமும் பஞ்சால துடைக்கிற இடம்" என்றாள். "தினமும் தொட்டிருக்கேன், பூரணி."

"கொஞ்சம் கொஞ்சமா வந்திருக்கும்க்கா. தெரிஞ்சிருக்காது."

"டாக்டர்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

ஞானபூரணி பலகாரப் பையை நிமிர்த்தி வைத்தாள். அக்காவுக்குப் பதில் தேவைப்படவில்லை.

"கிறுக்குக் கழுதை" என்றாள் பாக்கியவதி. கண் நிறைந்துவிட்டது. "நீ சொல்லலைன்னா நாளைக்குக் காலையில நான் இந்த நாற்பதை எங்கன போடுவேன்? மேட்டுல போட்டா வீணு. மத்த இடத்துல போட்டா அம்மா விழுந்துருவாங்க. என் பேரைக் காப்பாத்தி இவங்களைக் கொல்லச் சொல்லுதியா?"

அம்மாள் கண்ணைத் திறந்தார். "என்ன, அக்காளும் தங்கச்சியும் என் கையைப் பிடிச்சு ஜெபம் பண்ணுதீகளா?"

பாக்கியவதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டாக்டர் அறைக்கு நடந்தாள். ஞானபூரணி பின்னாலேயே ஓடினாள்.

டாக்டர் சத்தியநாதன் வந்து தொட்டுப் பார்த்தார். இந்தக் கை, அந்தக் கை, மறுபடி இந்தக் கை. பிறகு கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துத் தங்கச்சாமியும் உள்ளே வந்தார்.

"மருந்து இந்த மேட்டுக்குள்ளேயே தேங்கிக் கிடந்திருக்கு" என்றார் டாக்டர். "கொஞ்சம்தான் ரத்தத்துக்குக் கசிஞ்சிருக்கு. நிறம் மாறலை, மாறலைன்னு நான் பாட்டுக்கு அளவை ஏத்தினேன். இன்னைக்கு நல்ல தோல்ல போட்டதும் அவ்வளவும் ஒரேயடியா வேலை செஞ்சிருச்சு."

"கை மாத்தினா இவ்வளவு ஆகாதுன்னீங்களே டாக்டர்" என்று கேட்டேவிட்டாள் ஞானபூரணி.

"நல்ல கைக்கு ஆகாது. இது நல்ல கையில்லையே. குழாயில கலரைப் பார்த்தேன், கையைத் தொட்டுப் பார்க்கலை." அவர் அவளையும் விடவில்லை. "நீயும் தனியா அளந்து போட்டே. இடம் மாத்துறதை யார்கிட்டயும் சொல்லலை. அதுவும் தப்புதான்."

"ஆமா டாக்டர்."

"நாளைக்கு இருபது. வலது கை, கோலத்துக்கு வெளியே. நீதான் போடணும். பாக்கியம் கூட நின்னு கோட்டைப் பார்க்கணும்."

தங்கச்சாமிக்கு யாரைப் பார்த்துக் கோபப்படுவது என்று தெரியவில்லை. பாக்கியவதி அவர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, தப்பு என் கை பண்ணுனது. என் தங்கச்சி கை இல்ல."

"அடப் போடா" என்று அம்மாள் மகனை முந்திக்கொண்டார். "நாந்தான் அங்கன போடுன்னு கேட்டேன், பாவம், அவ போட்டா. நாளைக்கு அந்த வாயாடியே போடட்டும். சுருக்குங்கும். இருந்துட்டுப் போகுது."

சிரிக்கலாமா வேண்டாமா என்று எல்லாரும் நின்றபோது டாக்டர் கேட்டார்.

"பாக்கியம், வேற யாருக்காவது இப்படி ஒரே இடத்துல போட்டிருக்கியா?"

"இல்லை டாக்ட..."

முடிக்கவில்லை. முகம் வெளிறிவிட்டது.

"அக்கா?"

"பலவேசம் அண்ணாச்சி" என்றாள் பாக்கியவதி. "கடையில தராசு பிடிக்கிற கைன்னு வலது கையைக் குடுக்கவே மாட்டாரு. எப்பவும் இடதுதான். அதே இடம்தான். அவருக்கும் நிறம் மாறலைன்னு இவங்களை விடக் கூட ஏத்தியிருக்கு. இன்னைக்குக் காலையில அளவை நான்தான் சொல்லிவிட்டேன், கம்பவுண்டர்கிட்டச் சொல்லுங்கன்னு. அந்தக் கம்பவுண்டர் வந்தவங்க எல்லாருக்கும் வலது கையிலதான் போடுவாருன்னு அண்ணாச்சியே சிரிச்சுக்கிட்டுச் சொன்னாரு."

டாக்டர் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார்.

"நாளைக்குக் காலையில கம்பவுண்டர் கடை திறந்ததும் போட்டுருவாருல்ல?" என்று ஞானபூரணி கேட்டாள். "மக வீடு எந்தத் தெருக்கா?"

"நான் கேட்டுக்கலையே."

தங்கச்சாமி சட்டைப்பையில் கார்ச் சாவியைத் துழாவினார்.

"ஆமத்தூர்ல கேட்டாச் சொல்லுவாங்க. ரெண்டு பேரும் ஏறுங்க, தாயி."

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று மிரட்டின அதே கார்தான். பின்சீட்டில் அக்காவும் தங்கையும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நன்றாக இருட்டியபோது ஆமத்தூர் வந்தது. பலவேசத்தின் கடையும் பூட்டு, வீடும் பூட்டு. பக்கத்து வீட்டு வள்ளித்தாய் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணாச்சியா? மத்தியானமே போயிட்டாரே, மக வீட்டுக்கு."

"மக வீடு எங்கன இருக்கு, மதினி?" என்று கேட்டாள் பாக்கியவதி.

"எந்த மக?" என்றாள் வள்ளித்தாய். "விருதுநகருக்குத்தான் அவரு மூணு மகளையும் கட்டிக்குடுத்திருக்காரு."